சுண்ணாம்பு வளையம்

திருவண்ணாமலையில் அன்று காலை தெருவில் நின்ற எல்லோரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, துப்பறியும் ஆதிமூலம் மட்டும் குனிந்து ஒரு பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றைந்தாம் வருடம், அக்டோபர் இருபத்து நான்கு. முந்தின நாள்தான் தீபாவளி. வெடித்த காகிதத்தைத் தெருவில் இன்னும் யாரும் கூட்டவில்லை. காற்றில் கந்தக நெடி. அதன் மேல் சூரிய கிரகணம். ஏழரைக்குப் பிடித்து, எட்டரைக்கு உச்சத்துக்கு வந்து, பத்துக்குள் விட்டுவிடும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். வெயில் இருந்தது. ஆனால் யாரோ அதில் தண்ணீர் கலந்துவிட்டது போல இருந்தது.

"பாதி ஊர் கதவைச் சாத்திக்கினு உள்ள இருக்குது சார். நாம மட்டும் வெளிய," என்றான் சைஃபுல்லா. ஆதிமூலத்தின் உதவியாளன். வேலூர்க்காரன். வாயை மூடினால் மூச்சு நின்றுவிடும் என்று நம்புகிறவன். "டிபன் கூட இல்ல. கிரகணத்துல சாப்பிடறதுக்கு என் மதத்துல தடை இல்லப்பான்னு ஓட்டல்காரன்கிட்ட சொல்லிப் பாத்தேன். இட்லிக்கு இருக்குதுன்னுட்டான்."

ஆதிமூலம் சிரிக்கவில்லை. இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் செத்தவர்களைப் பற்றி விசாரித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறவர். பூதக்கண்ணாடி கிடையாது. மூக்குக்கண்ணாடியே போதும் என்பார். அதை ஏற்றிவிட்டுக்கொண்டு பதிவேட்டில் ஒரு வரியில் விரலை வைத்தார்.

"நானூத்திப் பன்னெண்டு. போன புதன்கிழமை. இந்தப் படம் எங்க மாறன்?"

கதிர் எக்ஸ்ரே நிலையத்தின் டெக்னீஷியன் மாறன், அந்த வரியை எட்டிப் பார்த்தான். முப்பது வயதுக்குள் இருப்பான். "அது யாரோ சாமியாரு சார். அடி அண்ணாமலைப் பக்கம் இருக்கறவரு. படத்தை வாங்கிக்க வரவே இல்ல. பழைய படத்தோட கலந்து போயிடுச்சு. சனிக்கிழமை எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டோம்."

"வரலைன்னா மூணே நாள்ல எடைக்கா? மத்த படமெல்லாம் மூணு வருஷம் வச்சிருக்கீங்க."

மாறன் பதிவேட்டை மூடப் பார்த்தான். அவன் பின்னால், கதவோரமாக, நீலப் புடவையில் ஒரு பெண் நின்றிருந்தாள். அவள்தான் ஆதிமூலத்தை அழைத்தவள். கன்னியம்மாள். முப்பத்தெட்டு வயது. இந்த நிலையத்தில் ஆயா வேலை. தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போது நிற்பாள். இன்று ஆதிமூலத்துக்காக ஏழு மணிக்கே வந்து கதவைத் திறக்க வைத்திருந்தாள்.

அவள் கதை சுருக்கமானது. எண்பத்திரண்டில் அவள் கணவன் அப்பாசாமி ஈராக்குக்கு வாய்க்கால் வெட்டும் வேலைக்குப் போனான். எண்பத்தேழு தை மாதம், கூடப் போன நண்பன் மூர்த்தி மட்டும் திரும்பி வந்தான். ஈரானோடு நடந்த சண்டையில் குண்டு விழுந்து அப்பாசாமி இறந்துவிட்டான் என்று சொன்னான். தான் பாக்தாத் நகரத்தில் கம்பெனி சமையற்கூடத்தில் இருந்ததாகவும், வாய்க்கால் வேலை எங்கேயோ தெற்கே நடந்ததாகவும், செய்தி கடிதத்தில் வந்ததாகவும் சொன்னான். பிணம் வரவில்லை. பெட்டிகூட வரவில்லை. கன்னியம்மாள் தாலியைக் கழற்றினாள்.

எட்டு வருடம் கழித்து, போன புதன்கிழமை பத்து மணிக்கு, வேலூரிலிருந்து வாரம் ஒருமுறை வந்து படம் பார்க்கும் டாக்டர், ஒரு படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டுச் சொன்னார்: "இந்த ஆளு ஈராக்ல வாய்க்கால்ல நின்னவன்."

தரை துடைத்துக்கொண்டிருந்த கன்னியம்மாளின் கையிலிருந்து துணி நழுவியது.

"யாருன்னு கேட்டேன். சாமியாருன்னாங்க," என்றாள் இப்போது. "அஞ்சு நாளா மலையைச் சுத்தறேன்யா. ஒரு காவி விடல. எல்லா மூஞ்சியையும் பாத்துட்டேன். அவரு உயிரோட வந்து, வீட்டுக்கு வர வெக்கப்பட்டுக்கினு, இந்த ஊர்லயே சுத்திக்கினு இருக்காருய்யா. எனக்குத் தெரியும்."

மாடிப்படியில் காலடிச் சத்தம். வெள்ளைச் சட்டை, சாம்பல் நிற பேண்ட். ஐம்பது வயது, ஒடிசலான உடம்பு. கட்டடத்தின் சொந்தக்காரர். மாடியிலேயே குடியிருக்கிறார்.

"கன்னியம்மா, இன்னும் இதேதானா?" குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "செத்தவனைத் தேடினா உசுரு போறது உனக்குத்தாம்மா. சார், நீங்களாவது சொல்லுங்க."

"நீங்க?"

"மூர்த்தி. அவனோட ஈராக் போனவன் நான்தான்."

"எனக்கு இந்த வேலையை வாங்கிக் குடுத்ததே அண்ணன்தான்," என்றாள் கன்னியம்மாள். "கூடப் பொறந்தவன் கூட இப்படிப் பாத்துக்க மாட்டான்."

மூர்த்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சட்டென்று முகம் சுருங்கியது. "இதோ வரேன்," என்று கொல்லைப்புறக் கழிவறைக்கு நடந்தார். அவர் திரும்பி வரும்வரை ஆதிமூலம் காத்திருக்கவில்லை.

தெருவுக்கு வந்ததும் சைஃபுல்லா, "என்னா சார் பாத்தீங்க அந்த நோட்டுல? அவ்ளோ நேரம் பாத்தீங்களே," என்றான்.

"பேரு இருக்கற இடத்துல காகிதம் மெலிசா இருந்துச்சு. பிளேடு போட்டுச் சுரண்டிட்டு மேல 'சாமியார்'னு எழுதியிருக்கான். அப்புறம், நானூத்திப் பதினொண்ணு செவ்வாய்க்கிழமை சாயங்காலக் கடைசி ஆளு. நானூத்திப் பதிமூணு புதன்கிழமை ஒன்பது மணி, முதல் ஆளு. நடுவுல இவன் எப்ப வந்தான்?"

"கதவு பூட்டியிருக்கறப்ப."

"அதை யோசி. இப்ப போன் பண்ணணும்."

எஸ்.டி.டி. பூத்தில் வேலூருக்கு லைன் உடனே கிடைத்தது. கிரகணத்தன்று யாரும் பேசுவதில்லை போலிருக்கிறது. டாக்டர் அஜ்மத் பேகத்தின் குரல் கறாராக இருந்தது.

"ஆளை நான் பாக்கலை. படத்தை மட்டும்தான் பாத்தேன். நான் ஆறு வருஷம் ஈராக்ல கவர்மென்ட் ஆஸ்பத்திரியில இருந்தவ. அங்க வாய்க்கால்ல ஒரு நத்தை உண்டு. அதுலேருந்து கண்ணுக்குத் தெரியாத புழு வரும். தண்ணியில நிக்கறவன் தோலைத் துளைச்சு உள்ள போயிடும். கடைசியில மூத்திரப்பைகிட்ட குடியேறி முட்டை போடும். அந்த முட்டை பையோட சுவத்துல தங்கி, வருஷம் போகப் போகச் சுண்ணாம்பா உறைஞ்சிடும். எக்ஸ்ரேல வெள்ளையா ஒரு வளையம் தெரியும்."

"மூத்திரக் கல்லா இருக்கக் கூடாதா டாக்டர்?"

"கல்லு உள்ள ஒரு இடத்துல கட்டியா கிடக்கும். இது பையோட விளிம்பு. பலூனுக்குச் சுண்ணாம்பு அடிச்சா எப்படி இருக்கும், அப்படி. நம்ம ஊர் ஆளுங்ககிட்ட நான் இதைப் பாத்ததே இல்ல."

"ஒரு நாள் கால் நனைச்சா வருமா?"

"நோய் ஒட்டிக்கலாம். இவ்வளவு கெட்டியா வளையம் கட்டணும்னா, திரும்பத் திரும்ப, வருஷக்கணக்குல இடுப்பளவு தண்ணியில நின்னிருக்கணும்." கொஞ்சம் நிறுத்தினார். "அந்த ஆளைக் கண்டுபிடிச்சா என்கிட்ட அனுப்புங்க. புழுவுக்கு மாத்திரை இருக்கு. இப்படியே விட்டா அந்த இடத்துல புத்து வைக்கும். ரத்தம் போக ஆரம்பிச்சிருக்கும் இந்நேரம்."

ஆதிமூலம் போனை வைத்தார். வெளியே வெயில் இன்னும் வெளுத்திருந்தது. வேப்பமரத்தடியில் இலைகளுக்கு நடுவே விழுந்த ஒளிப்பொட்டுகள் வட்டமாக இல்லை. எல்லாம் அரிவாள் அரிவாளாக இருந்தன. காகங்கள் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து, ஒன்றுகூடக் கரையாமல் இருந்தன.

"சார், எனக்கு இது பிடிக்கலை," என்றான் சைஃபுல்லா. முதல் முறையாக அவன் குரலில் கிண்டல் இல்லை.

படங்களை எடைக்கு வாங்கிய பழைய இரும்புக் கடை கலீல் ரஹ்மான் கையைத் தட்டிச் சிரித்தார். "எக்ஸ்ரே படமா? பாய், நேத்து வரைக்கும் அது குப்பை. இன்னிக்கு அது கண்ணாடி! கிரகணம் பாக்க எல்லாருக்கும் வேணும்னாங்க. ஒவ்வொரு படத்தையும் ரெண்டா நாலா வெட்டி, விக்கறவங்ககிட்ட குடுத்துட்டேன். கோயிலைச் சுத்தி நாலு வீதியிலயும் விக்கறாங்க. போய்ப் பாருங்க."

அவர்கள் போய்ப் பார்த்தார்கள்.

சன்னதித் தெருவில், தேரடியில், பஸ் ஸ்டாண்டில், திறந்திருந்த ஒரு வீட்டு மொட்டைமாடியில், கையில் கறுப்புத் துண்டோடு நின்ற ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார்கள். ஒரு போலீஸ்காரரின் கையில் யாரோ ஒருவரின் முழங்கால் இருந்தது. ஒரு தமிழாசிரியர் யாருடைய விலா எலும்பு வழியாகவோ சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூக்காரி ஒருத்தி, "இது என் படம், குடுக்க மாட்டேன்," என்று மார்போடு அணைத்துக்கொண்டாள். சைஃபுல்லா அவளிடம் ரொம்ப நேரம் பேசி வாங்கிப் பார்த்தான். உடைந்த சுண்டுவிரல்.

"சார், இந்த ஊர்ல எவனுக்கு எங்க எலும்பு உடைஞ்சிதுன்னு இப்ப எனக்கு அத்துப்படி. ஆனா ஒருத்தனுக்கும் மூத்திரப்பை கிடையாது."

மணி எட்டரை. தெருவில் திடீரென்று பேச்சுச் சத்தம் கம்மியானது. மலை சாம்பல் நிறமாகியிருந்தது. ஒரு நாய் நடுத்தெருவில் நின்று, ஊளையிடலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல மோவாயைத் தூக்கியது.

ஆதிமூலம் நடப்பதை நிறுத்தினார். பூக்காரியிடம் ஒரு நிமிடம் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கி, வானத்தை நோக்கிப் பிடித்தார். விரல் எலும்பு இருந்த வெள்ளைப் பக்கத்தில் சூரியன் கண்ணைக் குத்தியது. விரலைச் சுற்றிய கறுப்பில் அமைதியாகத் தெரிந்தது, கடித்த பிஸ்கெட் மாதிரி.

"முட்டாள்," என்றார்.

"யாரு சார்?"

"நான்தான். நீயே பாரு. கறுப்பா இருக்கற துண்டு வழியாத்தான் பாக்க முடியும். கை, கால் படத்துல சுத்தி எல்லாம் கறுப்பு. நெஞ்சுல காத்து இருக்கு, அதனால கறுப்பு. நாம தேடறது இடுப்பு. இடுப்பெலும்பு, தசை, சுண்ணாம்பு வளையம். எல்லாம் வெள்ளை. அதை எவன் வாங்குவான்?"

சைஃபுல்லா வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தான். "அப்ப விக்காத துண்டெல்லாம் எங்க போச்சு?"

கலீல் ரஹ்மான் அந்தக் கேள்விக்குத் தயாராகவே இருந்தவர் போலச் சொன்னார். "வெள்ளைத் துண்டா? அது பச்சையம்மா அள்ளிக்கினு போயிட்டா. வேங்கிக்கால்ல, கலெக்டர் ஆபீஸ் தாண்டி அவளுக்கு ஒரு கொட்டாய். படத்துல வெள்ளி இருக்குதில்ல? காரத்தண்ணியில கொதிக்க வச்சா படம் சுத்தமாயிடும், வெள்ளி அடியில நிக்கும். காலைலயே அடுப்பு மூட்டறேன்னு சொன்னா."

சைஃபுல்லாவின் ஸ்கூட்டர் அவ்வளவு வேகமாக அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை.

தகரக் கொட்டகை. நடுவில் கல் அடுப்பின் மேல் ஒரு இரும்புப் பீப்பாய், வாய்வரை மங்கலான தண்ணீர். பக்கத்தில் குவியலாக எக்ஸ்ரே துண்டுகள். முழங்கைவரை ரப்பர் உறை மாட்டிய ஒரு பெரிய பெண் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே சைஃபுல்லா இறங்கினான்.

"இன்னாத்தை நிறுத்தறது? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே," என்றாள் பச்சையம்மாள். "கிரகணம் விடாம அடுப்புல எதையும் ஏத்த மாட்டேன். சோறானா இன்னா, வெள்ளியானா இன்னா? பத்து மணிக்கு வாங்க."

ஆதிமூலம் அந்தப் பீப்பாயைப் பார்த்துக் கைகூப்பினார். சைஃபுல்லா அவளைப் பார்த்துக் கைகூப்பினான். "இட்லிக்காரனை நான் மன்னிச்சிட்டேன் சார்," என்றான்.

குவியலில் நானூற்றுக்கு மேல் துண்டுகள் இருந்தன. ஓரத்தில் ஈய எண் பதிந்த துண்டுகளை மட்டும் பொறுக்கினார்கள். பத்து நிமிடத்தில் சைஃபுல்லாவின் கை நின்றது.

412. படத்தின் கீழ்ப்பாதி.

வாசல் வெளிச்சத்தில் பிடித்தார் ஆதிமூலம். இடுப்பெலும்பின் இரண்டு சிறகுகள். அவற்றின் நடுவில், பள்ளத்தில், மெல்லிய வெள்ளை வளையம். உடைந்த முட்டை ஓட்டை யாரோ உள்ளே வைத்து மூடியது போல. மனித உடம்புக்குள் அது இருக்கக்கூடாத ஒன்று என்று படிக்காதவனுக்கும் தெரிந்துவிடும். சைஃபுல்லா தன்னை அறியாமல் தன் அடிவயிற்றைத் தொட்டுக்கொண்டான்.

"டாக்டரம்மா சொன்னது அப்படியே இருக்குது. கன்னியம்மாக்கா புருஷன்தான் சார்! சாமியாரைப் பிடிச்சிடலாம்."

"வளையத்துக்குக் கீழ பாரு. நேர்க்கோடா, குட்டிக் குட்டியா, பல்வரிசை மாதிரி."

சைஃபுல்லா கண்ணைச் சுருக்கினான். "ஜிப்பு."

"மேல?"

"கொக்கி. பேண்ட் கொக்கி." அவன் மெதுவாக நிமிர்ந்தான். "காவி வேட்டிக்கு ஜிப் வைக்கற டெய்லர் இந்த ஊர்ல யாரு சார்?"

 ஆதிமூலம் படத்தைப் பேப்பரில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். திரும்பும் வழி முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாதபோது சைஃபுல்லாவுக்குப் பயமாக இருக்கும்.

கதிர் எக்ஸ்ரே நிலையத்தில் கன்னியம்மாள் அதே இடத்தில் நின்றிருந்தாள். ஆதிமூலம் படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகி விளக்கைப் போட்டார். வளையத்தைக் காட்டி விளக்கலாம் என்று நினைத்திருந்தார். அவள் வளையத்தைப் பார்க்கவே இல்லை.

அவள் விரல் படத்தின் ஓரத்துக்குப் போனது. இடுப்பெலும்பின் விளிம்பில், ஒரு சின்னக் குப்பி வடிவம் பளீரென்று வெள்ளையாக இருந்தது. அரைஞாண் கயிற்றில் கட்டும் தாயத்து. அதன் ஒரு முனையில் மூன்று மெல்லிய சுற்றுகள்.

"இது நான் கட்டினது," என்றாள்.

"என்னம்மா?"

"தாயத்து. ஊருக்குப் போறதுக்கு மொத நாள் கயிறு கோக்கற காது ஒண்ணு ஒடைஞ்சிடுச்சி. அபசகுனம்னு அவரு மூஞ்சி செத்துப்போச்சி. நான்தான் பித்தளைக் கம்பியை மூணு சுத்து சுத்தி, கயித்துல கோத்து, அவரு இடுப்புல கட்டினேன்." அவள் சிரித்தாள். அழுதாள். இரண்டும் ஒன்றாக வந்தன. "அவருதான்யா! உயிரோட இருக்காரு! நான் சொன்னேன் இல்ல? நான் சொன்னேன் இல்ல?"

சைஃபுல்லா தலையைத் திருப்பிக்கொண்டான்.

ஆதிமூலத்தின் தொழிலில் நல்ல செய்தி சொல்லும் நேரங்கள் குறைவு. கெட்ட செய்தி சொல்வது பழக்கம். ஒருத்தி நல்ல செய்தியென்று கையில் பிடித்துக்கொண்டிருப்பதைப் பிடுங்குவது மட்டும் அவருக்கு இன்னும் பழகவில்லை.

"கன்னியம்மா, இந்த ஆளு பேண்ட் போட்டிருக்காரு. இதோ ஜிப்பு."

"போட்டிருக்கட்டுமே."

"சாமியாரு இல்ல. புதன்கிழமை நீங்க வர்றதுக்கு முன்னாடி, கதவு திறக்கறதுக்கு முன்னாடி எடுத்த படம் இது. யாருக்காக அந்நேரத்துல இந்த மெஷினைப் போடுவாங்க?" அவர் மாறனைப் பார்க்காமலே கேட்டார். "தம்பி, பேரை யாரு சுரண்டச் சொன்னது?"

 மாறனின் கண்கள் ஒரு கணம் கூரைக்குப் போய்த் திரும்பின.

கன்னியம்மாள் அந்தக் கண்களைப் பார்த்தாள்.

"மாடியில மூர்த்தி அண்ணன்தான்..." என்று ஆரம்பித்தாள். "அவரு பாக்தாத்துல சமையல் வேலை. தண்ணிப் பக்கமே போகலைன்னு..." குரல் நின்றது. படத்தைத் திரும்பிப் பார்த்தாள். வளையத்தை இப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். பிறகு தாயத்தை.

"அண்ணன் இடுப்புல இது எப்படி வந்துச்சு?"

யாரும் பதில் சொல்வதற்குள் அவள் படியேறிவிட்டாள்.

மூர்த்தி ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். மூன்று பேர் உள்ளே வந்ததும் எழுந்திருக்கவில்லை. கன்னியம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. அதைவிடத் தெளிவான வாக்குமூலத்தை ஆதிமூலம் கேட்டதில்லை.

"அதைக் கழட்டிக் குடுண்ணா," என்றாள்.

மூர்த்தி சட்டையைத் தூக்கினார். அவருடைய அரைஞாணில் இன்னொரு பழைய கறுப்புக் கயிற்றுத் துண்டு முடிந்திருந்தது. அதில் தாயத்து. அவிழ்க்க ரொம்ப நேரம் ஆயிற்று. 

"நானும் வாய்க்கால்லதான் இருந்தேன்," என்றார். "அஞ்சு வருஷம். அவனும் நானும் ஒரே தண்ணியில, பக்கத்துல பக்கத்துல. சண்டை கிட்ட வந்துடுச்சி. குண்டு விழாத நாளே இல்ல. அவனுக்குக் கடும் காய்ச்சல். மூத்திரமெல்லாம் ரத்தம். எழுந்து நிக்க முடியல. எங்களை ஏத்திக்கினு போக ஒரே ஒரு லாரி வந்துச்சு. நடக்க முடிஞ்சவன் மட்டும் ஏறுன்னாங்க." மூச்சு வாங்கினார். "அவனே இதை அவுத்துக் குடுத்தான். 'நீ போடா, இதை என் வீட்டுக்காரிகிட்ட குடு'ன்னான். கை காட்டினான். குடுத்தா, நீ எங்க இருந்த, ஏன் விட்டுட்டு வந்தேன்னு கேப்பே. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் செத்துட்டான்னு சொல்லிட்டேன். கழட்டி எறியவும் முடியல. ஒரு நாள் கூட நிம்மதியாத் தூங்கலம்மா. நம்பு."

 கிரகணம் விட ஆரம்பித்திருந்தது. ஜன்னல் வழியாக வெளிச்சம் மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டது.

கன்னியம்மாள் கயிற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பிவிட்டாள் என்றுதான் ஆதிமூலமும் நினைத்தார். மன்னித்தும் விடுவாள் போலிருந்தது.

"நான் போட்ட முடிச்சி இதுல இல்ல," என்றாள்.

மூர்த்தி நிமிர்ந்தார்.

"இது வேற முடிச்சி. சுருக்கு." அவள் அந்தச் சுருக்குக்குள் தன் கையை விட்டாள். மணிக்கட்டில் கச்சிதமாக நின்றது. "இடுப்புக்குப் போட்டது இல்ல. கைக்குப் போட்டது. இந்தப் பக்கம் முனை அவுக்கல. அறுத்திருக்குது." கயிற்றின் முனையை வெளிச்சத்தில் பிடித்தாள். கத்தி பட்ட இடம் நேராக இருந்தது. "அவரு அவுத்துக் குடுத்தாருன்னு சொன்னியே."

  மூர்த்தி நாற்காலியிலிருந்து அப்படியே தரைக்குச் சரிந்து உட்கார்ந்தார்.

"விடியக்காலம் லாரி வரும்னு சொல்லியிருந்தாங்க," என்றார் தரையைப் பார்த்து. "நான் விட்டுட்டுப் போயிடுவேன்னு அவனுக்குப் பயம். அரணாக்கயித்தை அவுத்து, ஒரு முனையை அவன் கையில கட்டி, இன்னொரு முனையை என் கையில கட்டிக்கினு படுத்தான். 'நீ எழுந்தா எனக்குத் தெரியும்டா'ன்னு சிரிச்சான். லாரி சத்தம் கேட்டுச்சு. சமையல் கத்தி பக்கத்துல இருந்துச்சு."

"முழிச்சிக்கினாரா?"

"இல்ல. தூங்கிக்கினு இருந்தான்."

கன்னியம்மாள் கண்ணை மூடித் திறந்தாள். சத்தம் போட்டு அழுவாள், அடிப்பாள் என்று சைஃபுல்லா ஒரு அடி முன்னால் வந்தான். அவள் மேஜைமேல் இருந்த ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்து மூர்த்தியின் முன்னால் தரையில் வைத்தாள்.

"அந்த ஊரு பேரு. கம்பெனி பேரு. வாய்க்கா பேரு. லாரி வந்த தேதி. எல்லாத்தையும் எழுதுண்ணா."

"கன்னியம்மா, எட்டு வருஷம் ஆச்சி. அந்தக் காய்ச்சல்ல, அந்தக் குண்டுல..."

"எழுது."

மூர்த்தி எழுதினார். எழுதும்போது இரண்டு முறை அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவள் காகிதத்தை வாங்கி, ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்து, நான்காக மடித்தாள். கயிற்றை மணிக்கட்டிலிருந்து கழற்றவில்லை.

வாசலில் நின்று திரும்பினாள். "ரத்தம் போவுதில்ல உனக்கு? படம் பாத்த அன்னிக்கே டாக்டரம்மா சொன்னாங்க, வேலூர்ல அவங்ககிட்ட மாத்திரை இருக்குதாம். போய் வாங்கிக்கோ." குரலில் இரக்கம் இருந்ததா, வெறுப்பு இருந்ததா என்று ஆதிமூலத்தால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. "நீ உயிரோட இருக்கணும். நாளைக்கு எவனாவது கேட்டா, அவரு செத்ததை நீ பாக்கலைன்னு சொல்றதுக்கு ஆள் வேணும்."

கீழே தெருவில் ஆட்கள் கறுப்புத் துண்டுகளை எறிந்துவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கடைகள் திறந்தன. கன்னியம்மாள் படியிறங்கி, மாறனைக் கடந்து, திரும்பிப் பார்க்காமல் பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.

சைஃபுல்லா அவள் பின்னால் ஓடினான். "அக்கா, எங்க போறீங்க?"

"கலெக்டர் ஆபீசுக்கு. மனு எழுதித் தர்றவன் இன்னிக்கு வந்திருப்பானா?"

"வரலைன்னா நான் எழுதறேன். ஏறுங்க ஸ்கூட்டர்ல."

அவள் ஒரு நிமிடம் அவனைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"மனுவுல மொத வரியில என் பேரை எப்படி எழுதணும்னு தெரியுமா?" என்று கேட்டாள். "போன வாரம் வரைக்கும் லேட் அப்பாசாமி மனைவின்னு எழுதிக்கினு இருந்தேன். அந்த லேட்டை எடுத்துடு."